கண்ணைக் கட்டிக்கொண்டு நேராக நடக்க முடியாதது ஏன்?

தேவனாம்பட்டினம் மாணவி:
வணக்கம். கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன ஞாயிறு சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சில் தோழிகள் எல்லோரும் துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஈர மணலில் நேராக நடந்து பார்த்தோம். காலடித் தடத்தைப் பார்த்தால் ஒன்றுகூட நேராக இல்லை. சிலருடையது கடல் பக்கம் வளைந்திருந்தது, சிலருடையது ரோட்டுப் பக்கம். ஒரு கால் இன்னொன்றைவிட வலுவாக இருப்பதால்தான் இப்படி என்கிறாள் அக்கா. பாடத்தில் வரும் ராண்டம் வாக்குக்கும் (ஒவ்வொரு அடியும் எந்தப் பக்கம் என்பது தற்செயலாக அமையும் நடை) இதற்கும் தொடர்பு உண்டா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
தொடர்பு உண்டும்மா, நிறையவே உண்டு.

முதலில் அக்கா சொன்னதைப் பார்ப்போம். 2009இல் யான் சௌமன் என்ற ஆய்வாளரின் குழு ஜெர்மனியில் ஒரு காட்டிலும் துனிசியாவின் சகாரா பாலைவனத்திலும் ஆட்களை நடக்கவிட்டு ஜிபிஎஸ்ஸில் பாதையைப் பதிவு செய்தது. காட்டில் வெயில் தெரிந்தபோது நடந்தவர்கள் ஏறக்குறைய நேராகப் போனார்கள், மேகமூட்டத்தில் நடந்தவர்கள் சுற்றிச்சுற்றி வந்தார்கள். தாங்கள் வந்த வழியையே குறுக்கே கடந்ததுகூட சிலருக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டி வெட்டவெளியில் விட்டபோது 20 மீட்டர் விட்டமுள்ள வட்டம் போட்டவர்களும் உண்டு. காரணம் கால் என்றால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தான் வளைய வேண்டும். ஆனால் பெரும்பாலோர் ஒருமுறை இடப்பக்கம், இன்னொருமுறை வலப்பக்கம் என்று வளைந்தார்கள். கால் வலுவை அளந்து பார்த்தும் பொருந்தவில்லை.

ராண்டம் வாக் இங்கேதான் வருகிறது. ‘நேர்’ எது என்று மூளை வைத்திருக்கும் கணக்கில் ஒவ்வொரு அடிக்கும் சின்னப் பிழை சேர்கிறது. அதாவது தடுமாறுவது கால் இல்லை, திசை பற்றிய அந்த எண்ணம். உதாரணத்துக்கு அடிக்கு 2 டிகிரி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பிசகும் என்று வைத்துக்கொள். 100 அடியில் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு அடித்துக்கொள்ளும், முழுக்க அடித்துக்கொள்ளாது. இப்படித் தற்செயலாகச் சேரும் பிழை அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் வளரும். 100இன் வர்க்கமூலம் 10, அதை 2ஆல் பெருக்கினால் சுமார் 20 டிகிரி விலகியிருப்பாய். சூரியனோ மலையோ கண்ணில் பட்டால் அந்தக் கணக்கு அவ்வப்போது சரியாகிவிடும்.

இன்னொன்று. ராண்டம் வாக் என்ற பெயரே 1905இல் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சன் நேச்சர் அறிவியல் இதழில் வாசகர்களிடம் கேட்ட கேள்வியில் வந்ததுதான். பதில் சொன்னவர் இயற்பியலாளர் ராலே பிரபு. ஒலி அலைகளுக்காக அந்தக் கணக்கை அவர் 1880லேயே போட்டு வைத்திருந்தார். நம்ம வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் எழுதிய நீண்ட கட்டுரை நூலகத்தில் கிடைத்தால் அவசியம் படி. முதல் பகுதியே இதுதான்.

புதுவை நடையன்:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அந்த இடத்தில் எடுத்த அளவை நம்ப முடியாது தங்கச்சி. தண்ணீர் ஓரம் மணல் கடலைப் பார்த்துச் சரியும். ஒரு கால் எப்பவும் பள்ளத்தில். அதைவிட முக்கியம் அலைச் சத்தம். கண்ணைக் கட்டினாலும் கடல் எந்தப் பக்கம் என்று காது சொல்லிக்கொண்டே இருக்கும். எங்க ஊர் கடற்கரைச் சாலையிலும் இதே பிரச்சினைதான்.

தேவனாம்பட்டினம் மாணவி:
சத்தத்தை யோசிக்கவே இல்லை அண்ணா! அப்போ மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் செய்து பார்க்கட்டுமா சார்?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
செய். ஆனால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடு, முகத்தில் சூடு பட்டாலே கிழக்கு தெரிந்துவிடும். காதில் பஞ்சு வை. ஒவ்வொருத்தியும் பலமுறை நடக்க வேண்டும், எந்தப் பக்கம் வளைந்தாள் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள். பேசாமல் பின்னாலேயே ஒருத்தி வரட்டும், கோல்போஸ்டில் மோதிக்கொள்ளப் போகிறீர்கள்.