பூர்ணம் விஸ்வநாதன்: பத்தடி தூரத்தில் கேட்ட குரல்

எங்கள் சித்தப்பா மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் நாடகம் என்றால் ஒயர் இழுக்கவும் மைக் கட்டவும் நானும் கூடப் போவேன். அப்படிப் போன ஒரு மாலையில்தான் பூர்ணம் விஸ்வநாதன் சாரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். நாடகம், சுஜாதா எழுதிய ‘கடவுள் வந்திருந்தார்’.

சபா நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடைக்கு மேலே மூன்று நான்கு மைக் தொங்கும். தன் வசனம் வருகிறது என்றால் நடிகர் மெதுவாக நகர்ந்து மைக்குக்கு அடியில் வந்து நின்றுகொள்வார். சாருக்கு அந்த நகர்தலே கிடையாது. நாற்காலியில் சாய்ந்து, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு முனகினாலும் கடைசி எழுத்து வரை தெளிவாக விழுந்தது. ‘ள’வும் ‘ழ’வும் தனித்தனியாகக் கேட்டன. சைடில் உட்கார்ந்திருந்த நான், ஆம்ப்ளிஃபயர் பக்கம் பார்க்கவே மறந்துபோனேன்.

கதையில் அவர் ரிட்டயர் ஆன சீனிவாசன். எதிர்காலத்திலிருந்து வரும் ஜோ அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். வீட்டில் மற்றவர்களுக்கு அவர் காற்றோடு பேசுகிற மாதிரி இருக்கும். ஜோவிடம் பேசும்போது குரலில் ஒரு குழந்தையின் ஆர்வம். அப்படியே வீட்டார் பக்கம் திரும்பினால், யாரும் நம்பவில்லையே என்கிற தவிப்பு. சத்தம் கூடவில்லை, கை ஆடவில்லை. குரல் மட்டும்தான் மாறியது.

அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குப் பழக்கமானது. டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர் அவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்ததும் அவர்தான். அப்போது அவருக்கு 25 வயதுதான். ஊரில் ரேடியோ இருந்த ஒரே வீட்டின் திண்ணையில் நின்று அதைக் கேட்டதாகத் தாத்தா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். செய்தி வாசிக்கிறவர் தானாக அழவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. கேட்கிறவர் நெஞ்சில் தைக்க வேண்டும். அவருடைய நடிப்புக்கு அடிப்படை அங்கேதான் விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

சினிமா அவரைப் பெரும்பாலும் அப்பாவாகவே வைத்திருந்தது. ‘மகாநதி’யில் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கும் பஞ்சாபகேசன், ‘ஆசை’யில் பெண்ணைப் பெற்றவர். 1980-இல் வந்த ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படத்திலும் அப்பாதான். மகனைத் தேடி டெல்லிக்கு வருகிற சங்கீத வித்வான். சலூனில் கத்தி பிடித்து நிற்பது தன் பிள்ளை என்று அவர் தெரிந்துகொள்ளும் இடத்தை இன்னொரு முறை பாருங்கள். ஓவென்று கதறி அமர்க்களப்படுத்த இடம் கொடுக்கிற காட்சி அது. அவர் அதைச் செய்யவில்லை. 2008-இல் அவர் காலமானபோதும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் பேசியது இந்த அப்பாக்களைப் பற்றித்தான். மேடையில் பார்த்த எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது. சீனிவாசனைப் பார்க்காமல் அவரை முழுசாகப் பார்த்ததாக ஆகாது.

நாடகம் முடிந்து நான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கமாக வந்தார். முகத்தில் மேக்கப் பாதி கலைந்திருந்தது. தாத்தா சொன்ன திண்ணைக் கதையை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று மாலையிலிருந்தே மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை. அவர் தடுக்கி விழாமல் போகட்டும் என்று ஒயரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். தாண்டிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று இருக்கும். தாத்தா தூங்காமல் காத்திருந்தார்.

“குரல் அப்படியேதான் இருக்காடா?”

“அப்படியேதான் இருக்கு தாத்தா.”