மறு: "பாதுகாப்பு எல்லை" வேண்டாம், "எச்ச உச்சவரம்பு" என்று வைப்போம்

வணக்கம் அண்ணா,

உங்கள் கலைச்சொற் பட்டியலில் ஒரு சொல்லை மட்டும் மாற்றவேண்டும். பழத்தில் சட்டப்படி இருக்கக்கூடிய கிருமிநாசினியின் (பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தின்) ஆகக்கூடிய அளவுக்குப் "பாதுகாப்பு எல்லை" என்று போட்டிருக்கிறீர்கள்.

தோட்டக்காரர் சொன்ன அளவில் மருந்தடித்து, சொன்ன நாள் பொறுத்து ஆய்ந்தால் (பறித்தால்) எவ்வளவு மிஞ்சும் என்று தோட்டத்தில் சோதித்துத்தான் அந்த எண்ணை முதலில் எடுக்கிறார்கள். உடலுக்கு ஒத்துவருமா என்று பார்ப்பது அதற்குப் பிறகு. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு வைக்காத மருந்துகளுக்கு, பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அது நஞ்சைக் கணக்கிட்டு வந்த எண்ணே அல்ல. நீர்வேலி இதரை வாழைப்பழத்தை ஆய்வுகூடத்தில் கொடுத்தால் தோலோடுதான் அரைப்பார்கள். தோலை யார் சாப்பிடுகிறோம்?

உடலின் கணக்கு வேறு. ஒரு மருந்தின் நாளாந்த ஏற்பளவு (ஆயுள் முழுக்க ஒவ்வொரு நாளும் உள்ளே போனாலும் தீங்கில்லாத அளவு), உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வைப்போம். 15 கிலோ பிள்ளைக்கு அது 0.15 மில்லிகிராம். முந்திரிகைப்பழத்தில் (திராட்சையில்) வரம்பு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், சோதனையில் வந்தது 0.6 என்று வைப்போம். பிள்ளை 100 கிராம் சாப்பிட்டால் உள்ளே போவது 0.06 மில்லிகிராம். அதை 0.15ஆல் வகுத்தால் வரும் 0.4தான் நீங்கள் சொன்ன "தீங்கு ஈவு" (நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்). அது 1ஐத் தாண்டினால்தான் கவலை, இங்கே தொடவே இல்லை. தோட்டத்தில் பிழை நடந்திருக்கிறது, அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் "பாதுகாப்பு எல்லை தாண்டியது" என்று எழுதினால், பழம் கொடுத்த தாய் அன்று நித்திரை கொள்ளமாட்டா. மறுபக்கம், வரம்புக்குள் இருக்கும் நாலைந்து சாமான்களில் அதே மருந்து இருந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்கவேண்டும். அங்கே இந்தச் சொல் பொய்த் தைரியம் கொடுக்கும்.

"எச்சம்" என்பதற்குப் பதில் "படிவு" என்று வைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கோண்டாவில் முந்திரிகைப் பந்தலில் ஒரு குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: விரல் பட்ட இடத்தில் வெண்பூச்சு அழிந்து தோல் கறுப்பாக மினுங்கும். அது பழத்தின் சொந்த மெழுகு. சனம் அதைத்தான் மருந்து என்று நினைக்கிறது. செடிக்குள் ஊடுருவும் மருந்தோ சதைக்குள்ளேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. "படிவு" என்றால் கழுவினால் போய்விடும் என்றாகிவிடும். பெயரெச்சம், வினையெச்சம் படித்த எவருக்கும் "எச்சம்" மிஞ்சி நிற்பது என்று விளங்கும். "உச்சவரம்பு" நில உச்சவரம்பு என்று ஏற்கெனவே சட்டத்தில் புழங்கிய சொல். மீறினால் குற்றம் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது "அறுவடைமுன் இடைவெளி". புத்தகத்துக்குச் சரி. போத்தலில் ஒட்டும் தாளுக்கு, "கடைசியாக மருந்தடித்து இத்தனை நாள் கழித்தே ஆயவும்" என்று முழு வசனமாகவே போடுவோமா?