பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர்: லூமனைக் கூட்டுவதா, ஜன்னலை மறைப்பதா?

பாம்பன்_அலை:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எங்கள் தெருப் பையன்கள் பகலெல்லாம் படிப்பகத்தில்தான் இருப்பார்கள். மதியம் 3.30 மணி ஐ.பி.எல். ஆட்டத்தை 2000 லூமன் (புரொஜெக்டர் வீசும் வெளிச்சத்தின் அளவு) புரொஜெக்டரில் 100 அங்குலத் திரையில் போடுகிறோம். படம் வெளுத்துப்போய்த் தெரிகிறது. ராத்திரி ஆட்டம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. 4000 லூமன் வாங்கினால் சரியாகுமா?

தொண்டிக்காரன்:
யோசிக்காமல் வாங்குங்கள் தம்பி. எங்கள் சங்கக் கட்டடத்தில் 4000 லூமன்தான் ஓடுகிறது, ஜன்னல் திறந்தே இருக்கும். மே மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு மனுஷன் உட்கார முடியுமா?

கீழக்கரைவாசி:
அண்ணே, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புரொஜெக்டரால் கறுப்பைத் திரையில் வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் அந்த இடத்தை வெளுத்துவிடுகிறது.

கணக்குப் பாருங்கள். 100 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 2.75 சதுர மீட்டர். 2000 லூமன் முழுதாக வந்தால் 725 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன்தான் லக்ஸ்). ஜன்னல் வழியே 200 லக்ஸ் சேர்ந்தால் வெள்ளை 925, கறுப்பு 200. வெள்ளை கறுப்பைப் போல நாலரை மடங்குதான். 4000 லூமன் வாங்கினாலும் எட்டேகால் மடங்குதான். பழைய புரொஜெக்டரை வைத்துக்கொண்டே ஜன்னல் வெளிச்சத்தை 20 லக்ஸாகக் குறைத்தால் 37 மடங்கு!

தொண்டிக்காரன்:
கணக்கு சரி. ஆனால் கிரிக்கெட்டுக்கு அவ்வளவு கறுப்பு எதற்கு? பச்சை மைதானமும் வெள்ளைப் பந்தும் தெரிந்தால் போதும். ராத்திரிக் காட்சி நிறைந்த சினிமா என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. இன்னொன்று, கச்சான் காற்று (மேற்கிலிருந்து வீசுவது) வருவதே மேற்கு ஜன்னல் வழியாகத்தான். மதிய வெயிலும் அதே வழிதான். முப்பது பேர் உட்காரும் அறையில் அதை எப்படி அடைப்பீர்கள்?

மண்டபம்_டீச்சர்:
அறை முழுக்க இருட்டாக வேண்டியதில்லை. திரையின் முகத்தில் விழும் வெளிச்சம்தான் கெடுக்கிறது. தம்பி, உங்கள் திரை எந்தச் சுவரில் இருக்கிறது?

பாம்பன்_அலை:
கிழக்குச் சுவரில், டீச்சர்.

மண்டபம்_டீச்சர்:
அதுதான் கோளாறு. மேற்கு வெயில் நேராகத் திரையில் விழுகிறது. திரையை மேற்குச் சுவருக்கு மாற்றுங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு அடி தள்ளிக் கிடுகுத் தட்டி கட்டுங்கள். காற்று இடுக்கில் வரும், வெயில் வராது. நீலத் தார்ப்பாய் மட்டும் வேண்டாம், ஊடுருவி வரும் வெளிச்சம் படத்தில் நீலம் பூசிவிடும். திரைக்கு அருகிலுள்ள டியூப் லைட்டையும் அணைத்துவிடுங்கள்.

கீழக்கரைவாசி:
அப்புறம், சுவர் வெள்ளை அடித்ததா? புரொஜெக்டர் வெளிச்சமே சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரைக்குத் திரும்பும். திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். படத்தை 70 அங்குலமாகச் சுருக்கினால் பரப்பு பாதியாகும், வெளிச்சம் இரட்டிப்பாகும். 4000 லூமன் வாங்கிய பலன், காசில்லாமல்.

தொண்டிக்காரன்:
70 அங்குலத்தில் கடைசி வரிசைக்கு ஸ்கோர் தெரியாது.

பாம்பன்_அலை (மூன்று நாள் கழித்து):
திரையை மாற்றி, தட்டி கட்டி, 90 அங்குலம் வைத்தோம். பந்து தெளிவாகத் தெரிகிறது, ஜெர்சி நிறமும் பிரிந்து தெரிகிறது. காற்று முன்பைவிடக் குறைவுதான், அதில் தொண்டி அண்ணன் சொன்னது சரி. புரொஜெக்டருக்குச் சேர்த்த பணத்தில் இரண்டு ஃபேன் வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.