செக்சம்முக்கு ‘ஒப்பெண்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவு கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க, அந்தத் தரவிலிருந்தே கணக்கிட்டு வைக்கும் எண்தான் செக்சம். அதற்கு ‘சரிபார்ப்புத் தொகை’ என்பதே போதும் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

போன மாதம், தண்டையார்பேட்டையில் சித்தி நடத்தும் ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை. கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) பதிவில், அந்த அடைவின் (ஃபோல்டரின்) செக்சம் தவறு என்று ஒரு வரி. “சரிபார்ப்புத் தொகை தப்பா வருது சித்தி” என்றேன். “எவ்ளோ கட்டணுமாம்?” என்று கல்லாவைத் திறந்துவிட்டார். தொகை என்றதும் நம் காதில் விழுவது பணம்தான்.

பொருளும் பொருந்தவில்லை. வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறைகளில் ஒன்றான ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில், மீத்தரவுக்கான (கோப்பின் பெயர், இருப்பிடம் போன்ற விவரங்களுக்கான) செக்சம் 2012-இல் லினக்ஸ் 3.5-உடன் வந்தது. அதிலுள்ள சிஆர்சி32சி என்ற கணக்குமுறை தருவது கூட்டுத்தொகை அல்ல, வகுத்து எடுக்கும் மீதி. கோப்பு முறைமையின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்), அடைவின் ஐநோடு எண் (கோப்பு முறைமைக்குள் அதன் பதிவு எண்) ஆகியவற்றையும் சேர்த்தே அடைவின் செக்சம்மைக் கணக்கிடுகிறார்கள். அதனால் பழுதில்லாத பிளாக்கே (வட்டிலுள்ள ஒரு துண்டு) ஆனாலும், வேறொரு அடைவின் இடத்தில் போய் உட்கார்ந்தால் மாட்டிக்கொள்ளும்.

என் பரிந்துரை: ஒப்பெண். ஒப்பிட்டுப் பார்க்கும் எண், அவ்வளவுதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கதவில் தொங்கும் சீலில் ஓர் எண், டிரைவர் கையிலுள்ள காகிதத்தில் அதே எண். இரண்டும் ஒத்துவந்தால்தான் துறைமுகத்துக்குள் வண்டி நகரும். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை இப்படித்தான்: ஒரு பிளாக்கின் ஒப்பெண்ணை அந்த பிளாக்கில் வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. புதிதாக எழுதியது வட்டில் பதியாமல் பழையதே தங்கிவிட்டாலும் தெரிந்துவிடும். ஈஎக்ஸ்டி4 அடைவில் ஒப்பெண் அதே பிளாக்கின் கடைசியில் இருப்பதால், பழையது பழையதோடு பொருந்திப்போகும்.

‘காப்பெண்’ என்றும் ஒரு யோசனை வந்தது. கேட்க அழகுதான், ஆனால் அந்த எண் எதையும் காப்பதில்லை. கெட்டதைக் கெட்டது என்று சொல்லும். மீட்க இன்னொரு நகல் வேண்டும், பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஒரே வட்டில் மீத்தரவை இரண்டு நகலாக வைப்பதுபோல. சித்திக்கு அந்த வசதி இல்லை. எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டியபின், கோப்புகள் லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற அடைவில் கிடைத்தன, பெயருக்குப் பதில் வெறும் ஐநோடு எண்களோடு. ஒவ்வொன்றாகத் திறந்து, யாருடைய ரேஷன் அட்டை, யாருடைய சான்றிதழ் என்று பார்த்துப் பெயர் வைத்தோம்.

‘ஒப்பம்’ என்ற சொல்லோடு குழம்பாதா என்று கேட்கலாம். ஒப்பம் ஆள் போடுவது, ஒப்பெண் கணக்கில் வருவது. ‘எண்’ என்ற முடிவே பிரித்துக்காட்டிவிடும். பிழைச்செய்தியில் “அடைவின் ஒப்பெண் ஒத்துவரவில்லை” என்று போட்டுப் பார்க்கிறேன். உங்களுக்கு உறுத்தினால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.