மலையடிவார ஊருக்குக் குடிநீர் மண் அணை: கட்டியவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மலையடிவாரத்தான்:
கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் கைவிட்டுவிடுகின்றன. ஓடையின் குறுக்கே ஏழு மீட்டர் உயரத்துக்கு மண் அணை கட்டிக் குடிநீருக்கு மட்டும் தேக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. நீர்பிடிப்புப் பகுதி சுமார் ஒரு சதுர கிலோமீட்டர். இடத்தை வந்து பார்த்த ஒப்பந்ததாரர், "மண்ணைக் கொட்டி ஜேசிபியை நாலு தடவை ஓட்டினால் தானாக இறுகிவிடும்" என்கிறார். அவர் அதைச் சொன்ன வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. கரைகளோடு பழகியவர்கள் சொன்னால் ஊர்க்கூட்டத்தில் பேச எனக்குத் தெம்பு கிடைக்கும்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, கரையைப் பற்றிப் பேசும் முன், மிகுதி நீர் வழிந்தோடும் கலுங்கைப் பற்றிப் பேசுங்கள். பாசன வேலையில் நான் பார்த்த உடைப்புகளில் பெரும்பாலானவை, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்ததால் வந்தவை. புறச்சரிவில் முதலில் விரல் அகலத்துக்கு ஒரு தாரை விழும். அது பள்ளமாகி, பள்ளம் மேல்நோக்கி ஏறி, முகட்டைத் தின்றுவிடும். அந்தக் கட்டத்தில் மணல் மூட்டையோடு ஓடுகிறவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் வெள்ள அளவுக்கு ரைவ்ஸ் சூத்திரம்தான் வழக்கம். சென்னை மாகாணத்துக்காக 1884இல் உருவானது. நீர்பிடிப்பின் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை (2/3 படியை) இடத்துக்கு இடம் மாறும் ஓர் எண்ணால், அதாவது கெழுவால், பெருக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் அந்தக் கெழு 6.8, மலையோரம் 10.2. உங்கள் ஒரு சதுர கிலோமீட்டருக்கு வினாடிக்கு 10.2 கனமீட்டர் என்று வரும். கலுங்கின்மேல் 60 செ.மீ. ஆழத்துக்கு ஓடட்டும் என்று வைத்தால், ஏறத்தாழ 13 மீட்டர் நீளமான கலுங்கு தேவை. ஒப்பந்ததாரர் வரைபடத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். நான்கு மீட்டர், ஐந்து மீட்டர் என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அந்தப் 13 மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு மழை ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்து அத்தனையும் ஓடிவந்தால், நாள் முழுவதற்குமான சராசரியே வினாடிக்கு 11 கனமீட்டர். உச்சம் அதைவிட எவ்வளவோ கூடும். கடற்கரைக்குச் சூத்திரம் சொல்வதோ 6.8! அந்த மழையில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் குளங்கள் உடைந்ததில் வியக்க என்ன இருக்கிறது? மலையோர மழைக்கணக்கைத் தனியாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கலுங்கை, கொட்டிய மண்ணின்மேல் வைக்காமல், கரை முடியும் இடத்தில் இயற்கையான கெட்டித் தரையில் வெட்டுங்கள். கட்டிய பிறகு அதன்மேல் மூட்டை அடுக்கி அரையடித் தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நள்ளிரவில் மழை பிடித்தால் அந்த மூட்டைகளை எடுக்க யார் போவார்கள் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

திருகோணமலை வாசகர்:
ஓவர்சியர் ஐயா சொல்வது சரி. ஆனால் வெள்ளத்தை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாலும் போதாது. இலங்கையில் எங்கள் பக்கத்துக் கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைத்துக்கொண்டது. பழைய அரசர் காலத்துக் குளம். நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலிருந்து எழும் முன்பே போய்விட்டார்கள். நான் அப்போது சிறுவன். எங்கள் உறவினர் குடும்பம் ஒன்று உடுத்த துணியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தது நினைவிருக்கிறது. குளக்கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று பேசப்பட்டது. உங்கள் கட்டின்மேல் லொறிப் பாதை கேட்டு யாராவது வருவார்கள், இடம் கொடுக்காதீர்கள். கட்டுக்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன, இரவில் அவர்களை யார் எழுப்புவது என்பதையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

களத்துப் பொறியாளர்:
மலையடிவாரத்து அண்ணா, ஜேசிபி தோண்டுவதற்கான வண்டி, இறுக்குவதற்கானது அல்ல. இருபது சென்டிமீட்டருக்கு மேற்படாமல் மண்ணைப் பரப்பி, ஈரம் பார்த்து, முள் உருளை ரோலர் விட்டு, அடர்த்தியைச் சோதித்த பிறகுதான் அடுத்த அடுக்கு. கைப்பிடி மண்ணைப் பிசைந்து பென்சில் கனத்துக்கு உருட்டுங்கள். உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் அப்பினால் அதிகம்.

மண்ணையே முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆய்வகத்துக்கு அனுப்பும் முன் நான் செய்வது இது: கண்ணாடித் தம்ளரில் காய்ச்சி வடித்த நீர், அதில் சுண்டைக்காய் அளவு மண்கட்டி. போட்டுவிட்டுத் தொடாமல் பார்க்க வேண்டும். நல்ல களிமண் அடியில் சரிந்து குவியும், மேலே நீர் தெளிவாகவே இருக்கும். சிதறும் களிமண் என்றால் கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு படலம் கிளம்பி, பத்து நிமிடத்துக்குள் தம்ளரே கலங்கிவிடும். அந்த மண்ணில் கட்டிய கரை கசிவைத் தாங்காது, உள்ளே கரைந்துகொண்டே போகும். குழாய் நீரில் செய்யாதீர்கள், அதிலுள்ள உப்பு ஏமாற்றிவிடும்.

குடிநீர் அணையில் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்குவது, கரைக்குள் புதைத்து நீரை வெளியே எடுக்கும் வெளிக்குழாய்தான். ஓரிடத்தில் சோதனைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் முறை நீர் நிரம்பிக்கொண்டிருந்தது. புறச்சரிவின் அடியில் குழாய் வாய்க்குப் பக்கத்தில் மண் நனைந்திருந்தது. "கரை என்றால் கொஞ்சம் கசியத்தானே செய்யும்" என்றார் காவலாளி. கசியும்தான். தெளிந்த நீர் ஒரே அளவில் கசிந்தால் அளந்து குறித்துக்கொண்டு வரலாம். ஆனால் அங்கே வந்த நீர் கலங்கலாக இருந்தது, விரலில் தேய்த்தால் நறநறத்தது. அன்றே வால்வைத் திறந்து நீரை மெதுவாக இறக்கச் சொன்னேன். வேகமாக இறக்கினால் அகச்சரிவு சரியும். பிறகு தோண்டிப் பார்த்தபோது குழாயின் அடிவயிற்றுக்குக் கீழே என் முழங்கை வரை கை போனது. வட்டக் குழாயின் அடியில் எந்த ரோலரும் புகாது, அந்த இடம் இறுகாமலே நின்றிருக்கிறது. குழாயை எடுத்து, கெட்டித் தரையில் கான்கிரீட் படுக்கையில் உட்கார வைத்து, புறப்பக்கத்தில் அதைச் சுற்றி மணல் வடிகட்டி போட்ட பிறகுதான் மீண்டும் நிரப்பினார்கள். வால்வையும் அகப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். மூடியிருக்கும்போது கரைக்குள் இருக்கும் குழாயில் அழுத்தம் இருக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று முதல் நிரப்பலில்தான் போனது. காலையில் கலங்கல் கசிவைக் கண்டார்கள், அடைக்கப் போன புல்டோசர்களே உள்ளே விழுந்தன, நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள். ஆகவே முதல் நிரப்பலை மெதுவாக, இரவு பகல் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

வடிவமைப்புக்குச் சிறிய மண் அணைகளுக்கான இந்தியத் தரநெறி ஐஎஸ் 12169 இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆட்டுக்காரன்:
படித்தவர்கள் மரத்தை மறந்துவிட்டீர்கள். எங்கள் ஊர்க் கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டினார்கள், வேரை அப்படியே விட்டார்கள். வேர் மக்கிய பொந்தில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. அடுத்த மழையில் அந்தப் பொந்து வழியாகத்தான் தண்ணீர் வந்தது. சிறிய கரையில் புல் மட்டும் வளரட்டும். பனை நட ஆசைப்பட்டால் கரையை விட்டுத் தள்ளி நடுங்கள்.

மலையடிவாரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. வரைபடத்தைக் கேட்டு வாங்கினேன். கலுங்கு நான்கு மீட்டர்தான் போட்டிருக்கிறார்கள். உள்ளே பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டால் கசிவுக்குப் பயமில்லை, கரைக்கு அடியில் பள்ளம் வெட்டிக் களிமண் நிரப்பவும் தேவையில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். உண்மையா?

களத்துப் பொறியாளர்:
இல்லை. ஷீட் ஓரிடத்தில் கிழிந்தாலும் தண்ணீர் அடியில்தான் வழி தேடும். மேல்மண்ணையும் வேர்களையும் நீக்கி, கரையின் நீளம் முழுக்க நீர் புகாத அடுக்கு வரை பள்ளம் வெட்டிக் களிமண் நிரப்ப வேண்டும். எவ்வளவு ஆழம் என்பது சோதனைக் குழிகளைத் தோண்டினால் தெரியும். குழி தோண்டினார்களா என்று முதலில் கேளுங்கள்.

பழைய ஓவர்சியர்:
நான்கு மீட்டரா! அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. ஊர்க்கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.