எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு 18/30: டிமென்ஷியாவா?

கேள்வி: பள்ளிக்கே போகாத 74 வயது மூதாட்டி. நினைவாற்றல், சிந்தனைத் திறனைப் பார்க்கும் எம்எம்எஸ்இ சோதனையில் 30க்கு 18. 24க்குக் கீழ் என்றால் மறதிநோய் (டிமென்ஷியா) என்கிறார்களே?

பதில் 1: அந்த 24 படித்தவர்களுக்கான கோடுங்க. 100லிருந்து ஏழேழாகக் கழிக்க 5. வாசிக்க, எழுத, ஐங்கோணம் வரைய தலா 1. ஆக 8 மதிப்பெண் பள்ளிப் படிப்புக்கே போய்விடுகிறது! ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவற்றவர்களுக்காகவே இந்தி வடிவம் உருவாக்கினார்கள்.

பதில் 2: மதிப்பெண்ணைவிட வீட்டார் சொல்வதுதான் முக்கியம். பத்து வருடத்துக்கு முன்பு செய்த சமையல், சில்லறைக் கணக்கு, வழி கண்டுபிடிப்பது இப்போது தடுமாறுகிறதா? வீட்டாரிடம் கேட்டு நிரப்பும் ஐக்யூகோட் கேள்வித்தாளும் இப்படிப் பத்து வருடத்தில் வந்த மாற்றத்தைத்தான் கேட்கிறது.

பதில் 3: காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள்; கேள்வியே விழாவிட்டால் எப்படிப் பதில் வரும்? பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். குழப்பம் இரண்டு மூன்று நாளில் திடீரென வந்திருந்தால் டெலிரியமாக (உடல்நலக் கோளாறால் வரும் திடீர் மனக்குழப்பம்) இருக்கலாம். அதற்குக் காரணமாகக்கூடிய சிறுநீர்த் தொற்று, புது மாத்திரை ஏதும் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.