பெட்ரோல் முள்ளும் எச்சரிக்கை விளக்கும்: மீட்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை (அனுபவப் பகிர்வு)

திருச்சி

கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் முள் பழுதானாலும் பெரிய இடைஞ்சல் இருந்ததில்லை. வண்டி திணறத் தொடங்கியதும் கையை இறக்கி பெட்ரோல் டேப்பை ரிசர்வுக்குத் திருப்பினால் அடுத்த பங்க் வரை போய்ச் சேர்ந்துவிடலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய பைக்குகள் ஏறத்தாழ அனைத்தும் கார்புரேட்டருக்குப் பதிலாக, மின்முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் அந்த டேப் இல்லை. டேங்கில் எவ்வளவு மிச்சம் என்பதை முள்ளோ, டிஜிட்டல் மீட்டரின் கட்டங்களோ, மஞ்சள் விளக்கோ சொன்னால்தான் உண்டு. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்பு தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்கிறது என்பதால், அடிக்கடி வறளும்வரை ஓட்டினால் பம்பின் ஆயுளும் குறையும். இந்தக் காரணங்களால்தான் முள்ளின் பழுதைத் தள்ளிப்போடக் கூடாது என்று கருதுகிறேன்.

என் வண்டி முள் வைத்த மீட்டர் உள்ள இன்ஜெக்ஷன் பைக். டேங்கை நிரப்பியவுடன் முள் சரியாக மேலே நிற்கும். பாதி வரை ஒழுங்காக இறங்கும். அதன்பின் திடீரென்று அடியில் விழுந்து மஞ்சள் விளக்கும் எரியும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் முள் மறுபடியும் எழுந்துவிடும். காட்டிய இடத்தில் மீட்டரை முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். மீட்டரின் விலை ஆயிரங்களில், டேங்குக்குள் இருக்கும் மிதவை யூனிட்டின் விலை நூறுகளில் என்னும்போது, எது பழுது என்பதை உறுதி செய்யாமல் மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. மேலும், நிறைந்த டேங்கைச் சரியாகக் காட்டும் மீட்டர் பாதிக்குக் கீழே மட்டும் தவறுமா என்ற ஐயம் இருந்தது.

இதன் வேலை எளிமையானது. ஒரு மிதவை பெட்ரோலின் மேல் கிடக்கிறது. அதோடு சேர்ந்த கம்பிக்கை ஏறி இறங்கும்போது, அதன் மறுமுனையில் உள்ள சிறிய உலோக விரல் ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. விரல் நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறுகிறது; அந்த மாற்றத்தைத்தான் மீட்டர் முள்ளாகவோ கட்டமாகவோ காட்டுகிறது. நிறைந்த டேங்குக்குக் குறைந்த மின்தடையா, கூடுதலா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. ஆகவே சர்வீஸ் கையேட்டில் அந்த அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

முதலில் சாவியை அணைத்து, சீட்டைக் கழற்றி, டேங்கின் அடியில் வரும் மிதவை யூனிட்டின் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பி) பிரித்தேன். சாவியைப் போட்டபோது முள் ஒரு கோடியில் நின்றது. வயரிங் பக்கக் கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு வயரால் சில நொடிகள் இணைத்தபோது முள் நிதானமாக மறுகோடிக்கு நகர்ந்தது. மீட்டரும் இடைப்பட்ட வயரும் நலமாக இருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இந்தச் சோதனை இரண்டு வயர் மட்டுமே உள்ள, முள் வைத்த மீட்டர்களுக்கே பொருந்தும். பம்பும் மிதவையும் ஒரே கப்ளரில் சேர்ந்து வரும் வண்டியிலும் டிஜிட்டல் மீட்டரிலும் வயர் படத்தைப் பார்க்காமல் எதையும் இணைக்க வேண்டாம். அங்கே மின்தடையும் வோல்ட்டும் அளக்கும் மல்டிமீட்டரால் மிதவைப் பக்கத்தின் மின்தடையை மட்டும் அளந்தால் போதும்.

யூனிட்டை வெளியே எடுப்பதற்கு முன் டேங்கில் பெட்ரோல் மிகக் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். வேலை திறந்தவெளியில் நடக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு படர்ந்து போய் தொலைவில் உள்ள அடுப்பிலோ சுவிட்சிலோ தீப்பற்றக்கூடும் என்பதால், மூடிய ஷெட்டில் இதைச் செய்யவே கூடாது.

யூனிட்டைக் கையில் பிடித்து, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, மிதவையை மெல்ல உயர்த்தினேன். எண்கள் சீராக மாறிக்கொண்டே வந்து, நடுவில் ஓரிடத்தில் சட்டென்று திரையின் இடது ஓரத்தில் தனி ‘1’ மட்டும் நின்றது. அந்த இடத்தில் தொடர்பு அறவே இல்லை என்பது அதன் பொருள். இன்னும் ஒரு மயிரிழை நகர்த்தினால் எண்கள் திரும்பிவிடும். உற்றுப் பார்த்தபோது பட்டையில் அந்த இடம் மட்டும் கறுத்து, விரல் உரசிய தடம் பள்ளமாகத் தெரிந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து மென்துணியால் துடைத்ததில் கறை போயிற்று. ஆனால் தேய்ந்த தடம் தேய்ந்ததுதான். புதிய யூனிட்டும், கசிவைத் தடுக்கும் புதிய ரப்பர் ஓ-ரிங்கும் போட்டேன். அதன்பின் முள் இறுதிவரை ஒழுங்காக இறங்குகிறது. பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் ஊறிய ரப்பர் உப்பிவிடும். டேங்கின் அடியில், சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் கசிந்தால் அதன் விளைவு மிகக் கொடியது.

நாகர்கோவில்

திருச்சி நண்பர் யூனிட்டில் கண்ட பழுதை நான் கப்ளரில் கண்டேன். எங்கள் பகுதிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் உண்டு, கடற்காற்றும் உண்டு. அத்துடன் வாட்டர் வாஷில் அழுத்தமாகப் பீய்ச்சும் நீர் சீட்டுக்கு அடியிலும் புகுந்துவிடுகிறது. கப்ளரைப் பிரித்தபோது செப்பு முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. அந்தப் பச்சையும் ஒரு மின்தடையே. மிதவையின் மின்தடையோடு அதுவும் சேர்ந்துகொள்வதால் மீட்டர் தவறான அளவைக் காட்டுகிறது. சுத்தம் செய்து, நீர் புகாமல் காக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவிய பிறகு கட்டங்கள் துள்ளுவது நின்றது.

மின்னோட்டம் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் எர்த் வயரையும் விட்டுவிடாதீர்கள். சாவியைப் போட்ட நிலையில், மிதவையின் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வோல்ட் அளந்தால் ஏறத்தாழ எதுவும் காட்டக் கூடாது; காட்டினால் எர்த் பாதையில் எங்கோ துருவோ தளர்ச்சியோ இருக்கிறது.

மழைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். டேங்க் மூடியைத் திறந்தால், வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை தெரியும். மூடியின் மேல் விழும் மழைநீர் அதன் வழியாக ஒரு குழாயில் இறங்கித் தரையில் சொட்ட வேண்டும். அந்தத் துளை மண்ணால் அடைபட்டால் நீர் தேங்கி, மூடியைத் திறக்கும்போது டேங்குக்குள் விழுகிறது. இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஓரளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். டேங்கின் அடி துருப்பிடிப்பதும், அந்தத் துருத்தூள் மிதவைக் கையின் மூட்டில் போய்ச் சிக்குவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்திவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று மழைக்காலத்துக்கு முன் பார்த்துவிடுங்கள்.

கோவை

என்னிடம் இருப்பது பழைய ஜப்பானிய இரட்டை சிலிண்டர் வண்டி. இதில் முள்ளே கிடையாது. பெட்ரோல் குறைந்தால் எரியும் மஞ்சள் விளக்கு ஒன்றுதான். நண்பர்கள் மிதவையைப் பற்றி எழுதியதால், மிதவையே இல்லாத இந்த முறையைப் பற்றியும் பதிவு செய்கிறேன். டேங்கின் அடியில் தெர்மிஸ்டர் என்னும் ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. சூடானால் அதன் மின்தடை குறையும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்தே இருப்பதால் விளக்கு எரியப் போதிய மின்னோட்டம் செல்வதில்லை. மட்டம் இறங்கி அது வெளியே தெரியும்போது, தன் வழியே செல்லும் மின்னோட்டத்தாலேயே சூடேறி, மின்தடை குறைந்து, விளக்கு எரிகிறது. சூடேற நேரம் பிடிப்பதால் சாவி போட்டவுடன் விளக்கு எரிவதில்லை, இது பழுதன்று.

என் வண்டியில் விளக்கு எரியவே இல்லை. வயரைத் தேடி அலைந்த பிறகு தெரிந்தது, முந்தைய உரிமையாளர் மீட்டரில் இருந்த பழைய பல்புகளுக்குப் பதிலாக எல்இடி பல்புகளைப் போட்டிருந்தார் என்பது. எல்இடி வழியே செல்லும் மின்னோட்டம் மிகக் குறைவு. தெர்மிஸ்டர் சூடேற அது போதாது. அந்த ஓர் இடத்தில் மட்டும் கையேட்டில் சொன்ன வாட் அளவுள்ள பழைய வகை பல்பைத் திரும்பப் போட்டதும் விளக்கு உயிர்பெற்றது. மாறாக, விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் கப்ளரைப் பிரித்துப் பாருங்கள். பிரித்த பின்னும் எரிந்தால் மீட்டருக்கு வரும் வயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிவிட்டது என்று பொருள். அணைந்தால் தெர்மிஸ்டரே பழுது.

ஓசூர்

நான் இங்கே இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். முள் சரியில்லை என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றில் பழுதே இருப்பதில்லை. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்குவதால் கட்டங்கள் கூடியோ குறைந்தோ தெரியும். பெட்ரோல் அலைவதற்கெல்லாம் துள்ளக் கூடாது என்பதற்காக டிஜிட்டல் மீட்டர்கள் வேண்டுமென்றே தாமதமாக மாறுகின்றன. வண்டியை நிமிர்த்தி, சாவியைப் போட்டுச் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவுக்கு வாருங்கள். கட்டங்கள் அனைத்தும் சேர்ந்து விட்டுவிட்டு மின்னினால் மட்டும், பல மீட்டர்களில் அது மிதவையின் மின்சுற்று அறுந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு.

விளக்கு எரியும்போது உண்மையில் எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு நல்ல வழி உண்டு. விளக்கு எரிந்ததும் பங்குக்குப் போய், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முழுவதும் நிரப்புங்கள். டேங்கின் கொள்ளளவு 12 லிட்டர், ரசீதில் 10.2 லிட்டர் என்றால் உங்களிடம் மிச்சமிருந்தது 1.8 லிட்டர். கையேட்டில் சொல்லும் அளவோடு இது பெரிதும் முரண்பட்டால் மிதவைக் கம்பி வளைந்திருக்கலாம். மிதவை ஓட்டையாகிப் பெட்ரோல் புகுந்திருக்கலாம். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தளும்பும் ஓசை கேட்கும்.

பெட்ரோல் விளக்கோடு வேறு விளக்குகளும் சேர்ந்து மினுக்கினால் தனித்தனியாகத் தேட வேண்டாம், பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு அருகிலும், எஞ்சின் சற்று வேகமாக ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுது. அப்படியே ஓட்டினால் மீட்டரும் போய்விடும். மஞ்சள் எஞ்சின் விளக்கு பல வண்டிகளில் பழுதின் குறியெண்ணை மின்னிக் காட்டும். சில தயாரிப்புகளில் ஒவ்வொரு நீண்ட மின்னலும் பத்தை, ஒவ்வொரு குறுகிய மின்னலும் ஒன்றைக் குறிக்கும். வண்டி கொண்டுவருவோர் அதை ஒரு காணொளியாக எடுத்து வந்தால் பாதி வேலை முடிந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கு, வண்டி நகரத் தொடங்கியபின் அணைவதுதான் இயல்பு. அணையாவிட்டால் சக்கரத்தின் வேகத்தை உணர உதவும் பல்வளையத்தில் சேறு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பட்டறை வரை ஓட்டி வந்துவிடலாம் என்ற எண்ணத்தால் வீணான எஞ்சின்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மதுரை

ஓசூர் ஐயாவிடம் ஒரு கேள்வி. திருச்சி நண்பர் சொன்னபடியே யூனிட்டை மாற்றினேன். ஆனால் டேங்க் நிரம்பிய பின்னும் முள் முக்காலுக்கு மேல் ஏறவில்லை. புதிய பொருளே பழுதாக இருக்குமா?

ஓசூர்

இருக்கலாம் தம்பி, ஆனால் முதலில் பழைய யூனிட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, இரண்டின் மிதவையையும் மேல் கோடிக்கு உயர்த்தி மின்தடையை அளந்து பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு மின்தடை அளவு வேறாக இருப்பதுண்டு. ஸ்பேர்ஸ் கடையில் பாகத்தின் எண்ணைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அளவு ஒன்றாகவே இருந்தால், யூனிட்டைத் திருப்பிப் பொருத்தியதால் மிதவை டேங்கின் மேல்தகட்டிலோ பக்கச் சுவரிலோ இடிக்கிறது. டேங்கை நிரப்புவதற்கு முன், அதை மெல்லக் கவிழ்த்துப் பிடித்து, மிதவை தடையின்றிப் போய்வரும் ஓசை கேட்கிறதா என்று பார்த்துவிட்டு நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.